மூன்று ஆஃபரும் ரெண்டாவது ட்ரிப்பும்

விற்பனை வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் சர்க்கரை, முழங்கால் என்று ஆரம்பிப்பதற்குள் செல்போனை நீட்டி மூன்று ஆஃபர் லெட்டரைக் காட்டுவீர்கள். ஒன்று மருந்துக் கம்பெனி, ஒன்று பெயின்ட் கம்பெனி, ஒன்று இன்ஷூரன்ஸ். "எதுலக்கா சேரட்டும்?" என்பீர்கள். கேட்கும்போதே உங்கள் விரல் எந்த லெட்டரில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். சம்பளம் எதில் கூடுதலோ அதில்தான் நிற்கும். அதில் தப்பில்லை. என் விரலும் ஒரு காலத்தில் அங்கேதான் நின்றது.

செல்போன் வைத்திருப்பவர்கள் அதைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. எனக்கு முப்பத்தாறு வயது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆர்டர் பிரிவில் எட்டு வருஷம் இருந்தேன். நாள்காட்டி, டைரி, பட்டாசுப் பெட்டிக்கான லேபிள் எல்லாம் அங்கே அடிப்போம். வடநாட்டு ஆட்களோடு டெலிபோனில் பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டேன். எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. ஆனால் பேரம் பேசத் தெரியும்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்த கையோடு முதலாளி வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தார்கள். மிஷின் ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு. எங்களை யாரும் கேட்கவில்லை. ஆவணியில் நான் ஆமத்தூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதை அவர்களால்தான் நகர்கிறது. எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரி வேன் ஓட்டினார். காலை ஆறரைக்கு ஆமத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டாசு ஆலையில் இறக்கிவிட்டு, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அந்த வேனில் தினமும் ஏறுகிறவர்களில் ஒருத்தி என் தங்கச்சி பேச்சியம்மாள். எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அந்த ஆலையில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கும் அறையில் அவளுக்கு வேலை.

சீசன் நேரத்தில் சில ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் கூடிவிட்டால் வேன்காரரைக் கூப்பிட்டு ரெண்டாவது ட்ரிப் அடிக்கச் சொல்வார்கள். எட்டு மணிக்கு மேல் இன்னொரு லோடு ஆள். எங்களுக்கு அது கூடுதல் வரும்படி. ஆனால் அந்த ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று வேனில் இருக்கிற யாரும் கேட்கமாட்டார்கள். மருந்து அடைக்கும் அறைக்கு நாலு பேர் என்பதுதான் கணக்கு. ரெண்டாவது ட்ரிப் வந்தால் நாலு ஆறாகும். இல்லையென்றால் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார வைப்பார்கள். ஒரு பொறி பட்டால் எழுந்து ஓட இடமிருக்காது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இருபது நாளில் எனக்கு மூன்று வேலை வந்தது. விருதுநகரில் ஒரு செல்போன் கம்பெனியின் விநியோகஸ்தர், புது இணைப்பு விற்க ஆள் தேடினார். கண்ணாடிக் கதவு, ஏசி, ஸ்கூட்டி, மூன்று வேலையிலும் அதுதான் பெரிய சம்பளம். இரண்டாவது, சிவகாசியிலேயே ஒரு டைரி அச்சகம். தெரிந்த வேலை, தெரிந்த முகங்கள். மூன்றாவது, பேச்சி வேலை பார்க்கும் அதே பட்டாசுக் கம்பெனியில், ஆலையை ஒட்டிய விற்பனை ஆபீஸ். அங்கிருந்த சேல்ஸ் மேனேஜர் எங்கள் அச்சகத்தில் லேபிள் அடிக்க வருவார். லேபிளில் ஒரு நிறம் மங்கினாலும் திருப்பி அனுப்புவார், ஆனால் குரலை உயர்த்தமாட்டார். அவரேதான் ஆள் அனுப்பியிருந்தார்.

செல்போன் கம்பெனி நேர்காணலில் ஒரு பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், கழுத்தில் டை. எனக்கு ஒதுக்கிய மேஜையில் இன்னொருத்தர் பெயர் ஒட்டிய டம்ளர் இருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் மேடம். டார்கெட் முடியாதுன்னு எழுதிக் குடுத்தாரு. முடியாதுங்கற வார்த்தையே நம்ம ஆபீஸ்ல கிடையாது."

எனக்கு அது பெருமையான பேச்சாகத்தான் பட்டது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். அச்சகத்தில் ஆர்டர் பிடிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும்: ஆகும். பருப்பு மண்டிக்காரர் தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது வந்து ஆயிரம் காலண்டர் கேட்டாலும் ஆகும். பிறகு ராத்திரி ஷிஃப்ட் போட்டு மிஷினை ஓட்டிக்கொள்வோம். இப்படி ஒரு தடவை நான் மிஷின்காரரைக் கேட்காமலே சரி சொல்லி, சரக்கும் போய்ச் சேர்ந்து, முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு நல்லது செய்யவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டில் பேச்சு நடந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஸ்கூட்டியின் பக்கம். பேச்சி மட்டும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"எங்க கம்பெனிக்கு மட்டும் வந்துறாதக்கா. நீ பாட்டுக்குப் போன்ல ஆகும் ஆகும்னுவ. அம்புட்டையும் நாங்கல்ல அடைக்கணும்."

கேலியாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். உடனே சேர வேண்டாம், திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் வந்து உட்காருங்க, உங்களுக்கு எங்களைப் பிடிக்குதா, எங்களுக்கு உங்களைப் பிடிக்குதா பார்ப்போம் என்றார். செல்போன் கம்பெனிக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். டைரி அச்சகம் எப்போதும் திறந்திருக்கும் கதவு. ஆகவே வியாழக்கிழமை பதில் சொல்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் நாளே எனக்கு அங்கே ஒன்று பிடிக்கவில்லை. ஆர்டர் சீட்டின் அடியில் போர்மேன் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. டீலர் கேட்டால் குறித்துக்கொள்ள வேண்டும், ஆலையில் இருக்கும் போர்மேனைக் கேட்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் டீலரைத் திருப்பிக் கூப்பிட்டுச் சரி சொல்லலாம். விற்கிறவள் வாக்குக் கொடுக்க, ஆலையில் இருக்கிற ஆளிடம் கையெழுத்துக்கு நிற்பதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டு வருஷ அனுபவம் இல்லையா.

புதன்கிழமை மதியம் மேனேஜர் ஆலைக்குள் போயிருந்தார். போகும்போது, "போன் வந்தா பேரு, ஊரு, என்ன சரக்குன்னு குறிச்சு மட்டும் வைங்கம்மா. வந்து பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். போன் வந்தது. நாக்பூர் டீலர். கம்பெனிக்குப் பல வருஷத்து ஆள், பெரிய ஆள். பூச்சட்டி இன்னும் இரண்டு லோடு வேண்டும், ஆறு நாளில் லாரி கிளம்ப வேண்டும் என்றார். என் இந்தியைக் கேட்டு, பாஷை நன்றாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை புகழ்ந்தார். அவ்வளவுதான். "ஹோ ஜாயேகா" என்றேன். ஆகிவிடும்.

போனை வைத்தபோது எனக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. சேராமலே இரண்டு லோடு. சீட்டை எழுதி, மேனேஜர் மேஜையில் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே, கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.

வந்தார். வாசித்தார். அடியில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார்.

"போர்மேன்ட்ட கேட்டீகளாம்மா?"

"இல்ல சார். ராத்திரி ஷிஃப்ட் போட்டா ஆறு நாள்ல..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ராத்திரி ஷிஃப்ட்டா? பொழுது சாய்ந்தால் மருந்து பக்கம் ஆள் போகக்கூடாது என்பது ஆமத்தூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆலைக்கு வேன் ஓட்டுகிறவர் பெண்டாட்டி, தங்கச்சியை அந்த அறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நான், அச்சு மிஷினை மனதில் வைத்துக்கொண்டு பூச்சட்டி விற்றிருக்கிறேன். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவர் போர்மேனை வரச் சொன்னார். போர்மேன் கை கழுவிய ஈரத்தோடு வந்து நின்றார்.

"ரெண்டு நாளா மள இளுக்கு சார். காயப் போட்டதே காயல. ரெண்டு லோடு வேணும்னா ஆள் கூட்டணும்."

"எங்க உக்கார வைப்ப?"

"எங்கனயாவதுதான்."

"எங்கனயாவதுன்னு நம்ம கம்பெனில ஒரு ரூம் இல்லயேப்பா" என்றார் மேனேஜர். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

டீலரைக் கூப்பிட்டு மறுத்துவிடலாம் என்று அவர் போனை எடுப்பதற்குள் கம்பெனி முதலாளி உள்ளே வந்துவிட்டார். நாக்பூர்க்காரர் சந்தோஷத்தில் நேராக முதலாளிக்கே பேசியிருக்கிறார். முதலாளி முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது.

"ரெண்டு லோடாமே. நல்ல சேதி."

"இல்லங்க. தர முடியாது. நானே சொல்லிருதேன்."

"சரின்னு சொல்லிட்டு இல்லைங்கவா? யாரு சொன்னது சரின்னு?"

"ஆபீஸ்ல இருந்து போனது. ஆபீஸ்னா நான்தான்."

நான் எழுந்து நின்றேன். நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். உட்கார முடியவில்லை, அதனால் நின்றேன். "நான்தாங்க சொன்னது. போர்மேன்ட்ட கேக்காமச் சொல்லிட்டேன்" என்றேன். முதலாளி அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"ஆமத்தூர் வேன் உங்க வீட்டுக்காரரு ஓட்டறதுதான? ரெண்டாவது ட்ரிப் சொன்னா வருவாரா?"

வருவார். வந்தால் எங்களுக்கு வரும்படி. எனக்கு வேலை, நாக்பூர்க்காரருக்குச் சரக்கு, முதலாளிக்குச் சந்தோஷம். எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. மேனேஜர்தான் பேசினார். அவர் சொன்னதை இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்துக்கூட நான் மறக்கவில்லை.

"அஞ்சாவது ஆள உக்கார வைக்கதா இருந்தா, டீலர்ட்ட பேசதுக்கு வேற ஆள வச்சிக்கிடுங்க. எனக்கு அதுக்கு மேல பேச வராது."

கோபமாகச் சொல்லவில்லை. லேபிளில் நிறம் மங்கியதைச் சொல்வாரே, அதே குரல். அவருக்கும் வீடு கட்டிய கடன் இருந்தது, கல்லூரியில் படிக்கிற பிள்ளை இருந்தது. அதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலாளி, "காலைல சொல்லுதேன்" என்று போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மேனேஜர், "வியாழக்கிழமை பதில் சொல்றதா சொன்னீகல்ல? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் நல்லபடியாக மூன்று நாள் வேலை பார்த்தவள் போல.

வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்காரர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆலை மேஸ்திரி சொன்னாரு. நாளைக்கு ரெண்டாவது ட்ரிப் இருந்தாலும் இருக்குமாம். எட்டு மணிக்கு மேல போன் பண்ணுவாகளாம்" என்றார். சோறு போட்டேன். பேச்சி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"யாரோ ஒரு கூறுகெட்டது ரெண்டு லோடு ஒத்துக்கிட்டதாம்க்கா. நாளைக்கு எங்க ரூம்ல ஆறு பேராம். கையக் காலை நீட்ட முடியாது."

"யாருன்னு சொன்னாகளா?"

"யாருக்குத் தெரியும். ஆபீஸ்ல இருக்கறதுகளுக்கு இது என்ன தெரியும்."

குழம்பு ஊற்றினேன். கை நடுங்கியதை அவள் பார்த்தாளா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த மேனேஜரை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அந்த நாற்காலிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது. இந்தி பேசுகிறாள், ஆகும் என்று சொல்கிறாள், வேறென்ன வேண்டும். கண்ணாடிக் கதவுக் கம்பெனியில் இருந்த டம்ளர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மேஜையும் முடியாது என்று சொன்ன ஒருத்தரை எழுப்பிவிட்டுத்தான் எனக்குக் கிடைத்திருந்தது.

வியாழக்கிழமை. ஆறரைக்கு வேன் போயிற்று, பேச்சியும் போனாள். எட்டு மணிக்கு வேன் திரும்பியது. அவர் சாப்பிட்டுவிட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவியை விரலில் மாட்டியபடி உட்கார்ந்தார். எட்டரை. ஒன்பது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். "என்ன இப்படி அலையற, எனக்குல்ல ட்ரிப்பு" என்றார். ஒன்பதே காலுக்கு மேஸ்திரியே போன் பண்ணினார். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினார்.

"வேண்டாமாம். வரும்படி போச்சு" என்றார்.

அவருக்கு வருத்தம். எனக்கு அழுகை வந்தது. என்ன ஏது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் செல்போனிலிருந்தே அந்த செல்போன் கம்பெனிக்குப் பேசி, வரவில்லை என்று சொன்னேன். பிறகு பஸ் ஏறினேன்.

ஆபீஸில் மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். "முதலாளி நேத்து சாயங்காலமே நாக்பூருக்குப் பேசிட்டாகளாம்" என்றார்.

"என்ன சொன்னாகளாம் சார்?"

"என்ன சொல்ல. அரை மணி நேரம் திட்டு வாங்கியிருக்காக."

அந்த முதலாளியையும் நான் அன்றைக்குத்தான் மதிக்க ஆரம்பித்தேன். சேல்ஸ் மேனேஜர் முடியாது என்றதற்காகத் தானே போய்த் திட்டு வாங்கிய முதலாளியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நாக்பூர் டீலர் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. வந்தார் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை. அந்த சீசனில் எங்கள் யாருக்கும் போனஸ் பெரிதாக இல்லை. மேனேஜர் ஓய்வு பெறும் வரை அதே நாற்காலியில்தான் இருந்தார். சீட்டின் அடியில் அந்தக் கட்டமும் இருந்தது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது. ஒரு தடவைகூட நான் கட்டம் காலியாக இருக்கும்போது சரி சொன்னதில்லை.

ஆகவே மருந்தா, பெயின்டா, இன்ஷூரன்ஸா என்று என்னைக் கேட்காதீர்கள். எதை விற்றாலும் ஆறு மாதத்தில் பழகிவிடும். நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்த பிறகு, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். அப்போது கேளுங்கள்: உங்கள் ஆபீஸில் கடைசியாக ஒரு ஆர்டரை வேண்டாம் என்று சொன்னது யார், அவர் இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார்? பதில் சொல்லத் தயங்கினால் அங்கே உங்களுக்குக் காட்டுகிற நாற்காலியை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த இரண்டு லோடுக்குச் சரி சொன்னது நான்தான் என்று பேச்சியிடம் நான் சொல்லவே இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அது அன்னைக்கே தெரியுமே. போர்மேன் வந்து சொன்னாகள்ல."

"தெரிஞ்சுதான் கூறுகெட்டதுன்னியா?"

"உனக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன்."

"அப்புறம் ஏண்டி இம்புட்டு வருசமா வாயத் திறக்கல?"

"முகத்துக்கு நேரா திட்டியிருந்தா நீ ரோசப்பட்டு ஸ்கூட்டிக் கம்பெனிக்குப் போயிருப்ப. ஒரு தடவ தப்புப் பண்ணிக் கை நடுங்குன ஆளு ஆபீஸ்ல இருந்தா எங்க ரூமுக்கு நல்லதுன்னு நினைச்சேன்" என்றாள் பேச்சி. "குழம்பு ஊத்தும்போது பாத்தேன்ல."